ஏறக்குறையக் கிறிஸ்தவர்

சன்மார்க்கமும் விசுவாசமும் – 7

ராஜா ராம்மோகன் ராய் 1820-இல் கல்கத்தாவில் வெளியிட்ட நூலைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். இயேசுநாதரின் உபதேசங்களை மட்டும் தனியே பிரித்தெடுத்து, அற்புதங்களையும் சித்தாந்தங்களையும் ஒதுக்கி வைத்து, மனிதன் சுகமாகவும் சமாதானமாகவும் வாழ இவையே போதும் என்று அவர் முன்வைத்ததும், செராம்பூரிலிருந்த மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மன் அதை ஒப்பாமல் பதிலுக்குப் பதில் எழுதியதும் இன்றுவரை தீர்ப்பாகாத வழக்கு. வாதி பிரதிவாதி இருவரும் பல பாஷைகள் கற்ற பண்டிதர்கள். ஆகவே வழக்கும் பண்டிதர் வழக்காகவே நடந்தது. இந்த வாரம் அதனை நமக்குப் பழக்கமான திருவள்ளூர் ஜில்லாவின் மண்ணுக்குக் கொண்டுவந்து விசாரிக்கலாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகள் பல உண்டு. ஸ்கிராப் ஏற்றிய லாரிகள் வாசலில் காத்துக் கிடக்க, உள்ளே செந்தணலாய் நீண்டு வரும் இரும்பின் முனையை இடுக்கியால் பற்றி அடுத்த ரோலருக்குத் திருப்பிவிடுகிற தொழிலாளிக்கு, கண் இமைக்கும் நேரம் கவனம் பிசகினாலும் காலோ கையோ போய்விடும். அப்படிப்பட்ட ஆலை ஒன்றில் போர்மேனாயிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், இந்தத் தொடரின் முந்தைய பகுதிகளை வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “சார், நான் யார் சோத்துலயும் மண்ணள்ளிப் போட்டதில்ல. ஓ.டி. காசுல பசங்ககிட்ட ஒத்த ரூபா தொட்டதில்ல. எம்பொண்டாட்டி சர்ச்சுக்குப் போவுது, நான் தடுக்கல. நமக்கு அதெல்லாம் எதுக்கு? நல்லவனா இருந்தா போதாதா?”

அவர் தம்மைப் பற்றிக் கூறியது வீண் பெருமையன்று என்பதை அவரிடம் வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தீக்காயம் பட்ட ஒரிஸ்ஸாப் பையனைத் தம் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அவனுடைய மொழியில் ஒரு வார்த்தையும் அறியாமல், இரவு முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். காண்ட்ராக்ட் கூலிக்காரனை எண்ணிக்கையாக மட்டுமே பார்க்கும் பழக்கம் பரவிவிட்ட இடத்தில் அவ்வாறு நடந்துகொள்வது எளிய காரியமன்று. ஆதலால் நற்குணத்தை அழுக்குக் கந்தை என்று ஏசித் தொடங்கும் பிரசங்கங்கள் எனக்கு உவப்பாயில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் கொர்நேலியு தானதருமம் செய்தவன், ஜெபம் பண்ணினவன், அவனுடைய தருமங்கள் தேவ சந்நிதியில் நினைக்கப்பட்டன என்றே தேவதூதன் அவனிடம் சொல்கிறான். அப்படிச் சொன்ன அதே தூதன்தான், யோப்பா பட்டணத்துக்கு ஆளனுப்பிப் பேதுருவை அழைப்பிக்கும்படியும் கட்டளையிடுகிறான். நல்லவனுக்கு இன்னும் கேட்க வேண்டியது என்ன மீதியிருந்தது?

இந்தக் கேள்வியைத் தம் சீவியத்தையே பணயமாக வைத்துக் கேட்டவர் ஜான் வெஸ்லி. அவருடைய சபையார்தாம் பின்னாளில் திருவள்ளூருக்கு வந்தார்கள் என்பதால் அவர் நமக்கு அந்நியருமல்லர். 1703-இல் பிறந்த வெஸ்லி ஆக்ஸ்போர்டில் ஆசிரியராயிருந்தபோது, 1729 முதல், தம்பி சார்லஸையும் சில மாணவரையும் சேர்த்துக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் உபவாசமிருந்தார். சிறைக்குச் சென்று கைதிகளைப் பார்த்தார். ஆண்டுக்கு 30 பவுன் வருமானத்தில் 28-இல் வாழ்ந்து 2 பவுனைத் தருமம் செய்தவர், வருமானம் 60 ஆனபோதும் அதே 28-இல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்துவிட்டார் என்பார்கள். இத்தனையும் போதாமல், தம் ஆத்துமாவின் நிலையை மணிக்கு மணி நாட்குறிப்பில் பதிந்து வந்தார். 1735-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பலேறியபோது, அங்குள்ள பூர்வகுடிகளுக்கு உபதேசிக்கப் போவதாக ஊரார் நினைக்க, தம்முடைய ஆத்துமாவை இரட்சித்துக்கொள்வதே தம் பிரதான நோக்கம் என்று நண்பர் ஒருவருக்கு ஒளிவு மறைவின்றி எழுதினார்.

இந்த இடத்தில்தான் சற்று நிற்க வேண்டும். கைதிக்கு அவர் கொண்டுபோன உதவி மெய்யானதே; ஆயினும் கொடுத்த கையின் பார்வை கைதியின்மேல் இல்லை, தன்மேலேயே இருந்தது. நடுக்கடலில் புயல் வந்து, அலை கப்பலின் மேல்தட்டை மூடியபோது, ஆங்கிலேயப் பிரயாணிகள் அலற, மொரேவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியர், பெண்களும் பிள்ளைகளும் உட்பட, பாட்டை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்ததை வெஸ்லி கண்டார். தமக்கோ மரண பயம் நீங்கவில்லை என்பதையும் கண்டார். ஜார்ஜியாவில் தோற்று, 1738-இல் ஊர் திரும்பி, அவ்வாண்டு மே 24-ஆம் தேதி மாலையில், லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த சிறு கூட்டத்துக்கு மனமில்லாமலே போனார். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முகவுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருக்க, மணி ஒன்பதாகச் சுமார் கால் மணி இருக்கையில், தம் இரட்சிப்புக்குக் கிறிஸ்து ஒருவரையே நம்புகிறேன் என்ற நிச்சயம் தம்முள் பிறந்ததாக அவர் பதிவு செய்திருக்கிறார். மூன்றாண்டு கழித்து, 1741 ஜூலை 25-இல், அதே ஆக்ஸ்போர்டின் புனித மரியாள் ஆலயத்தில், ஏறக்குறையக் கிறிஸ்தவனாகிறவனைப் பற்றிப் பிரசங்கித்தார். அகிரிப்பா ராஜா பவுலிடம் சொன்ன வார்த்தையே அதற்கு ஆதாரம். நேர்மை, ஈகை, ஆராதனை ஒழுங்கு ஆகியவற்றை மட்டுமல்ல, கபடமற்ற உள்ளத்தையும் அந்த ‘ஏறக்குறைய’க்குள்ளேயே அவர் அடக்கியது கேட்டவர்களுக்கு எவ்வளவு கசந்திருக்கும்! பல்லாண்டு தாமே அவ்வாறிருந்ததாக அவர் சொன்னதால்தான் அது ஏச்சாகாமல் சாட்சியாயிற்று.

இதைக் கேட்ட நம் போர்மேன் லேசில் விடவில்லை. “அப்போ அந்த ஐயரு அதுக்கு முன்னாடி ஜெயில்ல போய் செஞ்சதெல்லாம் வீணா, சார்?” வீணில்லை, கைதி உண்ட ரொட்டி உண்ட ரொட்டிதான். ஆனால் 1738-க்குப் பின் நடந்ததையும் பார்க்க வேண்டும். தம் நண்பர் ஜார்ஜ் விட்பீல்டு அழைத்ததன் பேரில், 1739 ஏப்ரல் 2-ஆம் தேதி, பிரிஸ்டலில் திறந்த வெளியில் நின்று அவர் பிரசங்கித்தார். அதுவரை ஆலயத்துக்கு வெளியே ஆத்துமாவை இரட்சிப்பதே ஏறத்தாழப் பாவம் என்று எண்ணிய ஒழுங்குக்காரர் அவர்! அடுத்திருந்த கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கரி படிந்த கன்னங்களில் கண்ணீர் வெள்ளைக் கோடு கிழித்ததை விட்பீல்டு எழுதி வைத்திருக்கிறார். தம் கணக்கை மூடிவிட்ட பிறகே வெஸ்லிக்குப் பிறர் முகம் தெளிவாகத் தெரிந்தது என்பது என் துணிபு.

அவருடைய வழிவந்த மிஷன் 1817-இல் சென்னையில் ஊழியம் தொடங்கியது. அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், வில்லியம் கௌடி என்ற வெஸ்லியன் மிஷனரி திருவள்ளூரிலும் அதையடுத்த ஈக்காட்டிலும் உழைத்தார். அக்காலம் இவை செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த ஊர்கள். அங்கே கூட்டம் கூட்டமாய்ச் சபையில் சேர முன்வந்தவர்கள் சேரிகளில் வாழ்ந்த பறையர் மக்கள். அவர்கள் குடியிருந்த மனையே மிராசுதாரருக்குச் சொந்தம். தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து மனு கொடுத்தாலும் மிராசு பாத்தியதை குறுக்கே நிற்கும். கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-இல் இந்நிலைமையை அறிக்கையாக எழுதியதும், 1892-இல் சர்க்கார் உத்தரவு பிறந்ததும், பின்னர் பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்ற நிலங்கள் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டதும் சரித்திரம்.

இவர்களைப் பார்த்து அன்றைய பத்திரிகைக்காரரும் பிரமுகரும், ஏன் மிஷனரிகளில் சிலருமே, இது அரிசிக்கும் நிலத்துக்கும் வந்த கூட்டம், மெய்யான விசுவாசமா என்று சந்தேகித்தனர். ஆத்துமா இரட்சிப்பு என்ற ஆதாயத்துக்காகக் கப்பலேறிய ஆக்ஸ்போர்டு ஆசிரியரைச் சந்தேகிக்காத உலகம், பிள்ளையின் பசிக்காகப் படியேறிய தாயைச் சந்தேகித்தது! சன்மார்க்கம் என்ற பட்டயத்தை ஊர் யாருக்குக் கொடுத்திருந்தது? எவ்வளவு யோக்கியமாக நடந்தாலும் தீட்டு என்றே தள்ளப்பட்டவனுக்கு, ‘நல்லவனாயிருந்தால் போதும்’ என்ற வழி திறந்திருக்கவே இல்லை. வெஸ்லி முப்பத்துநான்கு வயதில் பெரும்பாடு பட்டு இறக்கி வைத்த புண்ணியச் சுமையை அவர்கள் சுமக்கவே நேர்ந்ததில்லை. ஆகவே கிருபை என்பது கேளாமல் வரும் கொடை என்ற போதனையை அவர்கள் பண்டிதரைக் காட்டிலும் சீக்கிரம் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

கொடையாக வந்தது என்பதால் அது செலவில்லாமல் நின்றுவிடவுமில்லை. ஞாயிறு ஓய்வுநாள் என்று வயலுக்கு வர மறுத்த பண்ணையாளின்மேலும், கோயில் திருவிழாவுக்குப் பறை கொட்ட மாட்டேன் என்றவன்மேலும் மிராசுதாரரின் கோபம் பாயும். குடிசையைக் காலி செய் என்ற உத்தரவுக்கு ஒரு வாய்ச்சொல் போதும். கும்மிடிப்பூண்டியிலோ ஞாயிற்றுக்கிழமையும் உலை அணைவதில்லை. வார ஓய்வு செவ்வாயோ வியாழனோ, ஷிப்ட் சீட்டில் விழுந்தபடிதான். சனி இரவு வேலை முடித்து, காலை ஆறு மணிக்கு வெளியே வந்து, டீக்கடைக் குழாயில் முகம் கழுவி, நகக்கண்ணில் இரும்புத்தூள் அப்படியே இருக்க முதல் ஆராதனைக்கு வந்து உட்கார்ந்து, பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடும் இளைஞரை அவ்வட்டாரச் சபைகளில் காணலாம். விழித்திருந்து தலையாட்டுகிற நம்மைவிட அவர்களே அதிகம் கொடுத்தவர்கள்.

எதிர்க்கட்சிக்கும் ஒரு வார்த்தை பாக்கியுண்டு. விசுவாசி என்று பெயர் சொல்லி முன்வரிசையில் பாடிவிட்டு, திங்களன்று காண்ட்ராக்ட் ஆட்களின் பி.எப். பணத்தில் கை வைக்கிறவரைக் காட்டி, இதற்கு எங்கள் வெறும் நல்லவனே மேல் என்றால், யாக்கோபு நிருபம் எழுதியவர் அவர்கள் பக்கமே கையெழுத்திடுவார். வெஸ்லியும் அப்படியே. 1791-இல் மரிப்பதற்குச் சில நாள் முன்பு அவர் எழுதிய கடைசிக் கடிதங்களில் ஒன்று, அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்போர்ஸுக்குத் தைரியம் சொல்லும் கடிதம்.

ஆயினும் இந்த வழக்கின் கடினமான சாட்சி இனிமேல்தான் வரவேண்டும். சிறைக் கைதியுமல்ல, சேரி மகனுமல்ல. சாதி, கல்வி, ஒழுக்கம், பக்தி எதிலும் குறையில்லாத வைணவப் புலவர் ஒருவர், ஊரார் மெச்சிய அந்த வாழ்வை விட்டு 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். இரட்சணிய யாத்திரிகம் பாடிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளையை அடுத்த வாரம் விசாரிப்போம்.

(தொடரும்)