பாட்டியின் பல்லாங்குழியும் பாலர்களின் தமிழும்

உட்லண்ட்சில் அட்மிரல்டி எம்ஆர்டி நிலையத்திற்கு அருகே உள்ளது கம்போங் அட்மிரல்டி. மூத்தோருக்கான 104 வீவக வீடுகள் உள்ள இந்த வளாகத்தில், குழந்தைப் பராமரிப்பு நிலையமும் மூத்தோர் நடவடிக்கை நிலையமும் அருகருகே அமைந்துள்ளன. இரு தலைமுறையினரும் அன்றாடம் சந்திக்க வேண்டும் என்பதே நோக்கம். 2018ல் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடமாக இது தேர்வு பெற்றது.

ஆனால், பக்கத்தில் இருப்பதால் மட்டும் பாசம் வளர்ந்துவிடாது. பண்டிகைக்குப் பண்டிகை பிள்ளைகள் பாட, மூத்தோர் கைதட்டுவதோடு பழக்கம் நின்றுவிடும். இரு தரப்பும் சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும். வாரந்தோறும் அதே முகங்கள் சந்திக்க வேண்டும்.

அதற்குப் பல்லாங்குழி பொருத்தமானது. வரிசைக்கு ஏழாக 14 குழிகள், உட்கார்ந்தே ஆடலாம். பிள்ளை எண்ணப் பழகும். மூத்தவரின் விரல்களுக்கும் நினைவாற்றலுக்கும் பயிற்சி கிடைக்கும். மலாய் மூத்தோருக்கு இதேபோன்ற சோங்காக் தெரியும் என்பதால் அவர்களும் சேரலாம். மிகச் சிறிய பிள்ளைகள் இருந்தால், வாயில் போட முடியாத பெரிய காய்களைப் பயன்படுத்துவது நல்லது.

நம் சமூகத்திற்கு இன்னொரு பயனும் உண்டு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உள்ள சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுகின்றனர். அத்தகைய வீட்டுப் பிள்ளையிடம், “எத்தனை காய் இருக்கு, எண்ணு பார்ப்போம்” என்று ஒரு பாட்டி கேட்டால், பதிலும் தமிழில் வரும். கற்றுத் தருகிறோம் என்ற நிறைவு பாட்டிக்கும் கிடைக்கும்.

ஒரு பலகை, சில கைப்பிடிச் சோழிகள், வாரம் ஒரு மணி நேரம். எந்த வட்டாரத்திலும் தொடங்கலாம்.