உங்களுக்குத் தெரியுமா? ராணியின் பக்ஷம்

ஜெர்மானியச் சகோதரர்களான யாக்கோப் கிரிம்மும் வில்ஹெல்ம் கிரிம்மும் 1812-ஆம் ஆண்டில் வெளியிட்ட கதைத் தொகுதியின் முதற்பதிப்பில், ஸ்நோ ஒயிட் என்னும் சிறுமியின் சௌந்தரியத்தைக் கண்டு அசூயை மேலிட்டு அவளைக் கொல்லத் துணிந்தவள், அவளைப் பெற்ற தாயே ஆவாள். 1819-இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அந்தத் தாய் மகளைப் பெற்றவுடன் இறந்துபோக, பாவம் முழுவதும் பின்னர் ராணியாக வந்த சிற்றன்னையின் தலையில் ஏற்றப்பட்டது. பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பாதரட்சைகளை அணிந்து, உயிர் பிரியுமட்டும் நடனமாடும்படி தண்டிக்கப்பட்ட அந்த ராணிக்குத் தன் பக்ஷத்தை எடுத்துரைக்க ஒரு வாய்ப்பேனும் அருளப்படாதது பெருங்குறையென்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆங்கில எழுத்தாளர் நீல் கெய்மன் 1994-இல் எழுதிய ‘ஸ்நோ, கிளாஸ், ஆப்பிள்ஸ்’ என்ற சிறுகதையில் அந்த ராணியே பேசுகிறாள். அவள் கூற்றின்படி, அச்சிறுமி மனித ரத்தம் பருகும் பயங்கரப் பிறவி. அரசனாகிய தகப்பனும் அவளால் மெலிந்து மாண்டவனே. பிரஜைகளைக் காக்கும் பொருட்டே தான் யாவும் செய்ததாகக் கூறும் ராணி, எரிக்கப்படுவதற்காகச் சூளைக்குள் அடைபட்ட நிலையில் இந்த விருத்தாந்தத்தை நினைவுகூர்கிறாள். பழைய சம்பவங்களில் பலவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, சொல்பவரை மாற்றியே நம் அனுதாபத்தை இடம்பெயரச் செய்த இந்தச் சாமர்த்தியத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

சிறுவர்களுக்கும் இவ்வகைக் கதை உண்டு: ஜான் ஷெஸ்கா எழுதி, லேன் ஸ்மித் சித்திரம் தீட்டி 1989-இல் வெளிவந்த நூலில், பன்றிக்குட்டிகளின் வைக்கோல் வீட்டையும் குச்சி வீட்டையும் சாய்த்தது தன் ஜலதோஷத் தும்மலே என்று ஓநாய் சிறையிலிருந்து முறையிடுகிறது.