பெற்றவரா, வளர்த்தவரா?

நாயையும் பூனையையும் வளர்ப்போர் தம்மை அவற்றின் 'அம்மா' என்றும் 'அப்பா' என்றும் கூறிக்கொள்ளும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவி வருகின்றது. மேல்நாட்டிலிருந்து வந்த புதுமோகம் இஃது என்று நகைப்பார் உளர். ஆயினும், யாழ்ப்பாணத்து வீடுகளிலே இப்பேச்சு புதியதன்று. பெற்ற மக்கள் யாவரும் கனடாவிலும் இலண்டனிலும் குடியேறிவிட, பெரிய வீட்டிலே தனித்திருக்கும் முதியவர்கள் இங்கே பலர். வாசற்படியிற் படுத்திருக்கும் நாயைச் சுட்டி, "என்ரை பிள்ளை இன்னும் சாப்பிடேல்லை" என்று அவர்கள் கூறுவதைக் கேளாத ஊர் குடாநாட்டில் இல்லை எனலாம்.

அவ்வாறு கூறுபவர் அந்த நாய்க்குத் தாயா, உரிமைக்காரரா, அன்றி வேறொரு பெயர் அவருக்கு உண்டா? வெறுஞ் சொல்லாராய்ச்சி என்று இவ்வினாவைத் தள்ளிவிடல் ஆகாது. ஒரு பெயரை ஏற்பவர் அதற்குரிய கடமையையும் ஏற்கின்றார். அக்கடமை எது என்பதிலேதான் வாயில்லாச் சீவன்களின் வாழ்வு தங்கியிருக்கின்றது.

பிள்ளை என்னும் பெயர்

முதற்கண் நம் மொழி கூறுவதைக் கேட்போம். அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை என்று விலங்கையும் பறவையையும் பிள்ளையாக்கியவர் தமிழர். அதனோடு அமையாது, முற்றத்தில் நட்ட தென்னங்கன்றையும் தென்னம்பிள்ளை என்றனர். மனிதருக்குரிய பெயரை மிருகத்துக்கு இடுவது தகுமோ என்று சினப்போர் தொல்காப்பியத்து மரபியலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது இளமைப் பெயர்களை அந்நூல் வகுத்துரைக்கின்றது. அவற்றுள் மக்களுக்கு உரியனவாக அது கூறுவன குழவி, மகவு என்னும் இரண்டே. 'பிள்ளை' பறவைக் குஞ்சுக்கு உரிய பெயராக அங்கே நிற்கின்றது. எனவே, பறவையின் பெயரை இரவல் வாங்கி நம் மக்களுக்குச் சூட்டியவர் நாமே என்பது பெறப்படும்.

ஆகையால், நாயைப் பிள்ளை என்பதில் மொழிக்கு இழுக்கு எதுவும் இல்லை. ஆயின், 'பெற்றோர்' என்னும் சொல் அத்தகையதன்று. பெற்றவர் என்றால் பெற்றவரே. சொல்லின் பகுதியே அதன் பொருளைக் காட்டி நிற்கின்றது. மேலும், பிள்ளை என்பது நாம் பிறிதோர் உயிருக்கு அன்பினாற் கொடுக்கும் பெயர். பெற்றோர் என்பது நமக்கு நாமே சூடிக்கொள்ளும் பெயர். கொடுப்பதில் தாராளமாக இருக்கலாம். சூடிக்கொள்ளும்போது நிதானம் வேண்டும்.

உறவுப் பெயர் ஒன்று மட்டும் ஓர் உயிரைக் காத்துவிடாது என்பதற்கு நம் மாட்டுக்கொட்டிலே சான்று. பசுவை நாம் தாய் என்கின்றோம். தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப்பொங்கலிலே அதனைக் குளிப்பாட்டி, மாலை சூட்டி, பொங்கலும் ஊட்டுகின்றோம். பால் வற்றியபின் அந்தத் தாயை விலைபேசுவோரும் நம்மிடையே இருக்கின்றார்கள் அல்லவா?

மஞ்சள்நீர் கண்ட உறவு

பெறாத பிள்ளைக்குப் பெற்றோர் ஆவது எங்ஙனம் என்று நம் முன்னோர் நன்கு சிந்தித்திருக்கின்றனர். 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலே சுவீகாரம் பற்றிய விதிகள் உள்ளன. பிள்ளையொன்றைத் தத்தெடுக்க விரும்புவோர் தம் உரித்தாளரின் சம்மதத்தைப் பெறுதல் வேண்டும். பின்னர் உறவினரும் சாட்சிகளும் கூடியிருக்க, மஞ்சள்நீர் அருந்தும் சடங்கு நடைபெறும். அங்ஙனம் எடுக்கப்பட்ட பிள்ளை வளர்த்தவரின் முதுசத்துக்கு உரித்தாகும். பெற்றவரின் சொத்திலே அதற்கிருந்த உரிமை நீங்கும்.

இதன் கருத்து யாது? பெற்றோர் ஆதல் என்பது மனத்தில் எழுந்த பாசத்தோடு முடிவதொன்றன்று. ஊரறிய ஏற்கும் பொறுப்பு அது. தமக்குப் பின் அப்பிள்ளையின் கதி யாதாகும் என்ற கேள்விக்கும் அச்சடங்கிலேயே விடை இருந்தது. நாயைப் பிள்ளை என்போரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். வெளிநாட்டிலுள்ள மக்கள் அழைக்க, முதியவர் விமானம் ஏறும் நாளிலே அந்த நாய் யார் கையில் ஒப்படைக்கப்படுகின்றது? முன்கூட்டியே ஒருவரிடம் பேசி, அவர் வீட்டிலே நாயைச் சிலநாள் பழக்கிவிட்டுச் செல்வோர் உளர். படலையைப் பூட்டிவிட்டுச் செல்வோரும் உளர். இருவரும் அதனைப் பிள்ளை என்றே அழைத்திருப்பார்கள்.

நீதிமன்றம் ஏறிய வழக்கு

இவ்வினா அயல்நாடாகிய இந்தியாவிலே நீதிமன்றமும் ஏறியது. இந்திய எல்லையிலிருந்து நேபாளத்துக்குச் செல்லும் குதிரைவண்டிகள் பற்றிய வழக்கொன்றிலே, உத்தரகாண்ட் உயர்நீதிமன்றம் 2018 ஆம் ஆண்டு யூலை மாதம் தீர்ப்பளித்தது. விலங்குகள் அனைத்தும் சட்டத்தின் முன் ஆள்தன்மை உடையன என்றும், அம்மாநிலத்துக் குடிமக்கள் யாவரும் அவற்றுக்குப் பெற்றோரின் இடத்தில் நிற்பவர்கள் என்றும் அத்தீர்ப்புக் கூறியது. 2019 ஆம் ஆண்டில் பஞ்சாப், அரியானா உயர்நீதிமன்றமும் அரியானா மக்களைக் குறித்து இவ்வாறே உரைத்தது. அதற்கு முன்னரே, 2014 ஆம் ஆண்டுச் சல்லிக்கட்டு வழக்கில், தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத விலங்குகளின் நலனைப் பேணுவது நீதிமன்றத்தின் கடமை என்று இந்திய உச்சநீதிமன்றம் கூறியிருந்தது. ஆயினும், மனிதருக்குரிய அடிப்படை உரிமைகளை விலங்குகளுக்கும் வழங்க 2023 ஆம் ஆண்டில் அதே நீதிமன்றத்தின் அரசியலமைப்பு ஆயம் உடன்படவில்லை.

இங்கே நாம் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பெற்றோர் என்று கூறாது, 'பெற்றோரின் இடத்தில் நிற்பவர்' என்றே நீதிபதிகள் கூறினர். இடத்தில் நிற்பவருக்குக் கடமை உண்டு; பெருமை பாராட்ட உரிமை இல்லை. அமெரிக்காவிலும் இத்தகைய எண்ணமே தோன்றியது. அங்குள்ள போல்டர் நகரம் 2000 ஆம் ஆண்டிலே தன் விதிகளில் உரிமையாளர் என்றிருந்த சொல்லைப் 'பாதுகாவலர்' என்று மாற்றியது. றோட் ஐலண்ட் மாநிலமும் அடுத்த ஆண்டிலே அச்சொல்லைத் தன் சட்டத்திற் சேர்த்துக்கொண்டது.

எதிர்க்குரலும் இல்லாமல் இல்லை. பிள்ளைகளைப் பெறாது நாய்களையும் பூனைகளையும் அவர்களின் இடத்தில் வைத்துக்கொள்ளும் தம்பதியரைப் பாப்பரசர் பிரான்சிஸ் 2022 ஆம் ஆண்டு சனவரியிலே கண்டித்துப் பேசினார். அதே மாதத்தில் ஸ்பெயின் தேசத்திலே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. கணவனும் மனைவியும் பிரியும்போது வளர்ப்பு விலங்கு யாரிடம் இருத்தல் வேண்டும் என்பதை, அவ்விலங்கின் நலனையும் கருதித் தீர்மானிக்க அச்சட்டம் வழிசெய்தது. ஆக, உலகம் இன்னும் ஒருமுடிவுக்கு வந்திலது.

கயிற்றை அவிழ்த்த கைகள்

குடாநாட்டு மக்களுக்கோ இவ்வினா ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே தென்மராட்சியை நோக்கி நடந்தனர். பிள்ளைகளைத் தோளிலே சுமந்தனர். முதியோரைச் சைக்கிளிலே வைத்துத் தள்ளினர். நாய்களோ படலையடியில் நின்றன. புறப்படுமுன் மாடுகளையும் ஆடுகளையும் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டு, தொட்டியிலே தண்ணீர் நிரப்பிவிட்டுப் போனோம் என்று இன்றும் கண்கலங்கச் சொல்வோர் உளர்.

அவர்களைக் கொடியர் என்று கூற எவருக்கு நாவெழும்? பெற்ற பிள்ளையை விட்டுவர அவர்கள் கால்கள் இசைந்திரா. நாயை விட்டுவர நேர்ந்தது. அந்த ஓர் இரவு, பெற்ற உறவுக்கும் வளர்த்த உறவுக்கும் உள்ள வேற்றுமையை எவரும் மறுக்க முடியாதவாறு காட்டிவிட்டது. அதே இரவு, வளர்த்தவரின் கடமை எத்தகையது என்பதையும் காட்டியது. உயிர் தப்ப ஓடும் வேளையிலும் கொட்டிலுக்குச் சென்று கயிற்றை அவிழ்த்தார்களே, அது தாய்மையின் நிழலன்று; தனக்கென ஒரு பெயருக்கு உரிய அறம்.

கடுவனும் பெட்டையும்

இன்றைய நிலையை நோக்குவோம். நாய் ஆறு குட்டி ஈன்றால், கடுவன் குட்டிகளைத் தேடி வருவோர் பலர். பெட்டைக் குட்டிகள் பெட்டியோடு சந்தையடியிலோ கோயில் வீதியிலோ விடப்படுகின்றன. அவையே வளர்ந்து கட்டாக்காலிகளாகி மீண்டும் ஈனுகின்றன. தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை 2006 ஆம் ஆண்டிலே கைவிட்ட அரசு, தடுப்பூசியையும் கருத்தடையையும் வழியாகக் கொண்டது. அவ்வழி பயன்தருவது வீட்டுக்காரர் நாயைக் கூட்டிச் செல்வதைப் பொறுத்தே அமையும்.

விசர்நாய்க்கடி பற்றியும் ஒரு வார்த்தை. நோயின் குறிகள் தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. கடித்த இடத்தைச் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரிற் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். விசர்நோய்க்கென 1893 ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவதற்கென 1901 ஆம் ஆண்டிலும் இந்நாட்டிலே சட்டங்கள் இயற்றப்பட்டன. 'உரிமையாளர்' என்ற வறண்ட சொல்லுக்கு இங்கேதான் பயன் உண்டு. கேள்வி எழும்போது பதில் சொல்ல ஒருவர் வேண்டுமன்றோ? அயல்வீட்டுச் சிறுவனை நாய் கடித்தவிடத்து, "என் பிள்ளை அப்படிச் செய்யாது" என்பது தாயின் பேச்சு. ஊசி போட்ட அட்டையை எடுத்துக் காட்டுவது வளர்த்தவரின் பேச்சு.

பிள்ளை என்ற மயக்கத்தால் வரும் தீங்கும் உண்டு. நாம் உண்பதெல்லாம் அதற்கும் நன்று என்று எண்ணிச் சொக்கிளேற்றையும், வெங்காயம் இட்ட கறியையும், முந்திரிகை வற்றல் மிதக்கும் பாயாசத்தையும் அன்போடு கொடுக்கின்றார்கள். நாய்க்கு அவை நஞ்சாகக் கூடியவை. நாயை நாயாக அறிந்து போற்றுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

இன்னுமொன்று சிந்திக்கத்தக்கது. பெற்ற பிள்ளை வளரும். தன் காலில் நிற்கும். ஒருநாள் நம்மையும் தாங்கும். நாயோ எந்நாளும் நம் கையை நோக்கியே இருக்கும். நமக்கு முன்னரே அது முதுமை எய்தும்; அதன் இறுதி வேதனையைக் கண்டு முடிவெடுக்கும் கடமையும் நம்முடையதே. இவ்வகையிலே வளர்த்தவரின் பொறுப்பு பெற்றவரின் பொறுப்பினும் நெடியது.

ஆதலின், முற்றத்து நாயைப் பிள்ளை என்று அழைப்போரைத் தடுக்க வேண்டுவதில்லை. தமிழ் அதற்கு என்றோ இடங்கொடுத்துவிட்டது. நமக்கு வேண்டிய பெயரும் அயலிலே தேடவேண்டியதன்று. 'வளர்த்தவர்' என்னும் சொல் நம் வாயிலேயே இருக்கின்றது. ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவித்து, பெட்டைக் குட்டியையும் கைவிடாது, தமக்குப் பின் அதனைப் பார்ப்பவர் யார் என்று இன்றே ஒழுங்கு செய்துவைப்பவர் எவரோ, அவருக்கே அப்பெயர் தகும்.