பற்றை வெட்டப் போகுமுன்

சாட்டிப் பக்கம் காணி பார்க்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது கத்தியைத்தான். 1990 இல் தீவுப்பகுதியை விட்டு வெளிக்கிட்ட குடும்பங்களின் வளவுகள் ஆளில்லாமல் கிடந்து பற்றையாகிப்போயின. பாம்புக்குப் பயந்து தடியால் தட்டித் தட்டி நடக்கிறோம். அதே பற்றைக்குள் பாம்பிலும் சிறிய எதிரி ஒன்று உண்டு.

உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். ஆனால் யாழ்ப்பாணத்தில் கூடுதலாகக் காணப்படும் வகையை மாட்டில் கொழுத்துத் தொங்கும் உண்ணி பரப்புவதில்லை. மண்ணில் வாழும் மிக நுண்ணிய சிற்றுண்ணியின் குடம்பியே பரப்புகிறது. அது ஒரு மில்லிமீற்றர்கூட வராது. எலியின் காதில் கூட்டமாக ஒட்டியிருக்கும். எலி கிடைக்காவிட்டால் மனிதரிலும் ஏறும். நோய்ப் பற்றீரியா தாயிடமிருந்து முட்டைக்கே போய்விடுவதால், ஒரு துண்டு நிலம் வருடக்கணக்காக நோய் நிலமாகவே இருக்கலாம். மலைநாட்டில் அதிகம் காணப்படும் புள்ளிக் காய்ச்சலோ வேறு. அதைப் பரப்புவது நிசமான உண்ணி.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஆய்வாளர்கள் எலிகளைப் பிடித்துச் சிற்றுண்ணிகளைச் சேகரிக்கிறார்கள். உண்ணிக்கு வெள்ளைத் துணியைப் புல்லின்மேல் இழுத்தால் போதும், வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆய்வுகூடத்தில் பற்றீரியா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வைத்தியசாலைகளில் நோயாளரின் இரத்தம் சோதிக்கப்படுகிறது.

கடித்த இடம் நோகாது. ஒன்றிரண்டு கிழமையில் காய்ச்சலும் கடுந்தலையிடியும் தொடங்கும். அக்குள், அரை, தொடையிடுக்கு போன்ற மறைவிடத்தில் சிகரெற்றால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று சிலருக்கு இருக்கும். வெட்கத்தில் அதைக் காட்டாமல் விடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து காட்டுங்கள். டொக்சிசைக்கிளின் என்ற மலிவான மருந்துக்கு இது நன்றாகக் கட்டுப்படும், அமொக்சிசிலினுக்குக் கட்டுப்படாது. வீட்டில் மிஞ்சிய குளிசையைப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்தினால் நுரையீரலும் மூளையும் பாதிக்கப்படலாம். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து உண்டு. அதை வைத்தியரே தீர்மானிக்கட்டும்.

மாட்டுண்ணியையும் லேசாக எண்ணவேண்டாம். ஆசியாவின் மாட்டுண்ணி 1872 இல் கப்பலேறிய மாடுகளோடு அவுஸ்திரேலியாவுக்குப் போனது. குவீன்ஸ்லாந்தில் உண்ணி எல்லையைத் தாண்டும் மாடுகளை இன்றும் பரிசோதிக்கிறார்கள். அந்த உண்ணி காவும் அனாப்பிளாஸ்மா என்ற பற்றீரியா மாட்டின் செங்குருதிக் கலங்களை அழிக்கும். கண்மடல் வெளிறும், பால் வற்றும். ஊர் மாடு கன்றிலேயே இந்நோய்க்குப் பழகி, கிருமியைச் சுமந்துகொண்டே சுகமாக நிற்கும். உண்ணியில்லாத இடத்தில் வளர்ந்த நல்லினப் பசு அதன் பக்கத்தில் கட்டப்பட்டால் சில கிழமைகளில் விழுந்துவிடலாம். கடன்பட்டு வாங்கிய பசு என்றால் வீடே விழுந்த மாதிரி. வாங்கமுன் மிருக வைத்தியரிடம் இரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்; கொண்டுவந்ததும் காது, மடி, வாலடி தடவிப் பாருங்கள்.

பற்றை வெட்டுகிறவர்கள் நீளக் காற்சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் விடுங்கள். வெட்டிய பற்றைமேல் சாய்ந்து இளைப்பாறவேண்டாம். வந்ததும் உடுப்பைக் கொதிநீரில் போட்டு, சவர்க்காரம் தேய்த்துக் குளியுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால் வைத்தியர் கேட்கமுன்னமே, "பற்றை வெட்டினனான்" என்று சொல்லுங்கள்.