வண்டு தின்ற காடு எப்படித் தளிர்க்கிறது?

ஜெர்மனியின் பவேரியக் காடு தேசியப் பூங்காவில் 1990களில் ஸ்புரூஸ் மரங்கள் மலைச்சரிவு முழுக்கக் காய்ந்து நின்றன. கொன்றது சுமார் 5 மில்லிமீட்டர் நீளமே உள்ள பட்டை வண்டு. பட்டைக்கடியில் சுரங்கம் போட்டு முட்டையிடும்; புழுக்கள் உள்பட்டையைத் தின்றால் இலையில் தயாரான உணவு வேருக்கு இறங்காது.

பட்ட மரங்களை வெட்டச் சொல்லிச் சுற்றுவட்டாரம் கொதித்தது. பூங்காவின் உட்பகுதியில் வெட்டவில்லை. நல்லவேளை! வண்டுக்குத் தடித்த பட்டையுள்ள பெரிய மரம்தான் வேண்டும், கன்றுகளைச் சீண்டாது. மேலே கிளைக்கூரை போனதும் வெயில் இறங்க, நிழலில் வருடக்கணக்கில் குன்றிக் கிடந்த கன்றுகள் விறுவிறுவென்று நிமிர்ந்தன. விழுந்த மரம் சும்மா கிடப்பதில்லை. மக்கிய கட்டையை அழுத்தினால் பஞ்சுபோல ஈரம் கசியும். அதன் முதுகில் ஸ்புரூஸ் நாற்றுகள் வரிசைகட்டி நிற்கும். பறவை எச்சத்தில் வந்த ரோவன் மர விதைகளும் முளைத்தன.

இன்றைய பசுமையில் பெரும்பங்கு தானாக முளைத்ததுதான்.