நாலே வரியில் ஒரு மெனு! கறுப்புத் திரைக்குள் இத்தனை அதிசயமா?

கறுப்புத் திரை. ஓரத்தில் மினுக்கும் ஒரு சின்னக் கட்டம். கம்ப்யூட்டரில் பழகியவர்கள்கூட லினக்ஸ் டெர்மினலைப் பார்த்ததும் ஓர் அடி பின்வாங்குவார்கள். அதே திரையில் "1) இன்றைய தேதி, 2) வட்டில் மீதி இடம், 3) வெளியேறு, எது வேண்டும்?" என்று வந்து நின்றால்? ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடத் தைரியமாக ஓர் எண்ணைத் தட்டும்! அப்படி ஒரு மெனுவை ஷெல் ஸ்கிரிப்டில் எழுத எத்தனை வரி வேண்டும் தெரியுமா? நாலே நாலு!

டெர்மினலில் நாம் தட்டும் கட்டளைகளை நிறைவேற்றும் பேஷ் ஷெல்லில் 'செலக்ட்' என்று ஒரு சொல் உண்டு. அதை எழுதி, ஒரு வேரியபிள் பெயர் கொடுத்து, காட்ட வேண்டியவற்றை வரிசையாகச் சொன்னால் போதும். எண் போடுவது, இடம் பார்த்துப் பத்தி பிரிப்பது, பதிலுக்குக் காத்திருப்பது எல்லாவற்றையும் ஷெல்லே பார்த்துக்கொள்ளும். வெறும் எண்டர் தட்டினால் பட்டியலை மறுபடியும் முழுசாகக் காட்டும். 'பிரேக்' சொல்லும்வரை சளைக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும்! பெல் லேப்ஸில் டேவிட் கார்ன் எழுதி 1983இல் அறிமுகமான கார்ன் ஷெல் வழியாக வந்த சொத்து இது. பிரையன் ஃபாக்ஸ் 1989இல் வெளியிட்ட பேஷ், பின்னாளில் அதைத் தனதாக்கிக்கொண்டது.

மெனு கேட்கும் கேள்வியை மாற்றலாம், தெரியுமா? ஒன்றும் சொல்லாவிட்டால் '#?' என்ற மொட்டைக் குறிதான் வந்து நிற்கும். 'பி.எஸ்.3' என்ற வேரியபிளில் "எந்த எண் வேண்டும்?" என்று எழுதிவிடுங்கள், ஷெல் தமிழில் கேட்கும்! பி.எஸ்.1 நாம் தினமும் பார்க்கும் பிராம்ப்ட். வரி முடியாமல் எண்டர் தட்டினால் எட்டிப் பார்ப்பது பி.எஸ்.2. மூன்றாமவர் மெனுவுக்கென்றே பிறந்தவர்!

இன்னொரு ரகசியம். பட்டியலில் இல்லாத எதையாவது ஒருவர் தட்டினால் என்ன ஆகும்? தேர்வு வேரியபிள் காலியாகிவிடும். ஆனால் அவர் தட்டியது வீணாகாது. 'ரிப்ளை' என்ற வேரியபிளில் எழுத்து மாறாமல் அப்படியே பத்திரமாக இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டால் 3 என்றாலும் சரி, 'வெளியே' என்றாலும் சரி, தமிழ் எண்ணில் ௩ என்றாலும் சரி, மூன்றையும் ஒரே வாசலுக்கு அனுப்பலாம்! மெனு எழுதுகிறவர்களில் பலர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

அந்த வாசல்களைப் பிரிக்கும் சொல் 'கேஸ்'. அது முடியும் இடத்தில் என்ன எழுத வேண்டும் தெரியுமா? 'ஈசாக்'! 'கேஸ்' என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் வருவது. 'இஃப்' முடிந்தால் அதைத் திருப்பிப்போட்ட 'ஃபை'. 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த ஷெல்லை எழுதிய ஸ்டீபன் போர்னுக்கு ஆல்கால் 68 மொழி என்றால் உயிர். அந்த மொழியின் பழக்கத்தையே இங்கே குடியேற்றினார். அப்படியானால் 'டூ' என்று தொடங்குவது 'ஓடி' என்றுதானே முடிய வேண்டும்? முடியவில்லை! கோப்பை எண்ம எண்களாகக் காட்டும் 'ஓடி' என்ற கமாண்ட் யூனிக்ஸில் ஏற்கெனவே அந்தப் பெயரில் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் இன்றுவரை நாம் 'டன்' என்று எழுதுகிறோம்.

வெறும் எண் பட்டியல் போதாது, நீலத் திரையில் நிழல் விழும் பெட்டியாக வேண்டுமா? அதற்கு 'டயலாக்', 'விப்டெயில்' என்ற புரோகிராம்கள் இருக்கின்றன. ராஸ்ப்பெரி பை கம்ப்யூட்டரின் அமைப்புகளை டெர்மினலில் மாற்றும்போது வரும் சாம்பல் பெட்டி விப்டெயில் வரைந்ததுதான்! லினக்ஸ் கெர்னலையே தேர்ந்தெடுத்துக் கட்டும் 'மெனுகான்ஃபிக்' திரைக்குள் ஓடுவது டயலாக்கின் வம்சம்.

விப்டெயிலில் ஒரு விசித்திரம். பெட்டியை வரைய அது வழக்கமான வெளியீட்டுக் குழாயைப் பயன்படுத்தும். ஆகவே நீங்கள் தேர்ந்தெடுத்த பதிலை, பிழைச் செய்திகள் போகும் குழாயில் அனுப்பிவிடும்! பதிலை வேரியபிளில் பிடிக்க வேண்டுமானால் இரண்டு குழாய்களையும் இடம் மாற்ற வேண்டும். எப்படி? ஒரு டம்ளரில் பால், இன்னொன்றில் காபி. இரண்டையும் மாற்றி ஊற்ற மூன்றாவது டம்ளர் கட்டாயம் வேண்டுமல்லவா? ஷெல்லிலும் அதேதான். 1 வெளியீடு, 2 பிழை, 3 காலி டம்ளர். '3>&1 1>&2 2>&3' என்று பார்த்தவுடன் மிரட்டும் அந்தக் குறிகளுக்குள் நடப்பது இந்தச் சமையலறை வேலைதான்! செலக்ட் நேர்மாறானது. பட்டியலையும் கேள்வியையும் பிழைக் குழாயில் அனுப்பி, வெளியீட்டுக் குழாயைச் சுத்தமாக விட்டுவைக்கும்.

அம்புக்குறி விசையால் மேலும் கீழும் நகரும் மெனுவை வெறும் ஷெல்லிலேயே எழுதலாம், நம்புவீர்களா? மேல் அம்பை ஒருமுறை அழுத்தினால் கம்ப்யூட்டருக்குப் போவது ஒன்றல்ல, மூன்று பைட். முதலில் 27 என்ற எஸ்கேப், அடுத்து ஒரு சதுர அடைப்பு, கடைசியில் ஆங்கிலத்தின் முதல் எழுத்து. கீழ் அம்புக்கு இரண்டாம் எழுத்து. 1978இல் டெக் நிறுவனம் விற்ற வி.டி.100 டெர்மினல் பேசிய பாஷை இது. அந்த டெர்மினலின் 80 பத்தி, 24 வரி என்ற அளவில்தான் இன்றைய டெர்மினல் சன்னல்கள் பலவும் திறக்கின்றன!

தமிழில் மெனு போடுகிறவர்களுக்கு ஒரு முக்கிய விஷயம். பேஷில் வேரியபிளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க முடியாது. ஆனால் ஃபங்ஷனுக்குத் தாராளமாக வைக்கலாம்! 'வணக்கம்' என்று தட்டினால் ஒரு வேலை நடக்கும்படி செய்யலாம். பட்டியலை நேராக அடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறி, கம்ப்யூட்டருக்குள் 15 பைட். பேஷில் வரியை அச்சிடும் 'பிரிண்ட்எஃப்' கமாண்ட் அகலத்தை பைட்டில்தான் எண்ணும். 20 அகலம் கேட்டால் 15ஐக் கழித்துவிட்டு ஐந்தே ஐந்து இடைவெளி கொடுக்கும். வலப்பக்கக் கோடு கோணலாகப் போவது உங்கள் தவறல்ல! எண்ணை இடப்பக்கம் வைத்து, தமிழை வரியின் கடைசியில் விட்டுவிடுங்கள், கோணல் தெரியாது.

டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஸ்கிரிப்டின் முதல் வரியில் 'பேஷ்' என்றே குறிப்பிடுங்கள். வெறும் 'எஸ்.எச்.' என்று போட்டால் ஓடுவது 'டாஷ்' என்ற வேறொரு சிக்கன ஷெல். அதற்குச் செலக்ட் தெரியாது.

இன்றைக்கே அந்த நாலு வரியை எழுதிப் பாருங்கள். வீட்டில் யாருக்காவது தினமும் தேவைப்படும் ஒரு வேலையை முதல் எண்ணில் வையுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: கடைசி எண்ணில் மறக்காமல் 'வெளியேறு' வையுங்கள். கன்ட்ரோல்-டி அழுத்தினால் செலக்ட் முடிந்துவிடும் என்பது எழுதிய உங்களுக்குத் தெரியும், அதைத் திறக்கப்போகும் அம்மாவுக்குத் தெரியாது.