வாழையடி வாழையும் மாறும்!

'வாழையடி வாழை' என்று வாழ்த்துவது நம்மவர் வழக்கம். தாய்மரம் சாயும், பக்கக்கன்று எழும். அதே இலை, அதே தார், அதே சுவை! திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கம் செல்லும் தோழர்கள், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே இந்த வாழ்த்து பச்சைப் பசேலென விளைந்து நிற்பதைக் கண்டிருப்பார்கள். அதே திருவரங்கத்து வீதிகளிலே நெடுங்காலமாக வேறொன்றும் விளைந்து நிற்கிறது. பிறப்பு மாறாது, குருதியில் வந்தது குலத்தோடு நிற்கும் என்ற கொள்கை! முன்பு மனுவின் பெயரால் சொன்னார்கள். இன்று மரபணுவின் பெயரால் சொல்லவும் ஆள் கிளம்பியிருக்கிறது. நல்லது, மரபணுவையே கேட்டுப் பார்ப்போம்.

திருச்சியிலே 1993-ஆம் ஆண்டு முதல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நடைபெற்று வருகிறது. வாழைக்கன்றின் குருத்து நுனியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, சர்க்கரையும் உப்புகளும் கலந்த கூழில், கண்ணாடிக் குப்பியில் வளர்த்து, ஒன்றைப் பத்தாக்கி, பத்தை நூறாக்கும் வித்தையை இன்று உழவர் பலரும் அறிவார்கள். திசு வளர்ப்பு வாழை என்பது அதற்குப் பெயர். மந்திரமில்லை, மாயமில்லை, தூய்மையும் உழைப்பும்தான். நோயற்ற கன்று கிடைக்கிறது, தோட்டம் முழுதும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தார் தள்ளுகிறது. வரவேற்கிறோம்!

ஆனால், ஒரே தாயின் துணுக்கிலிருந்து வந்த கன்றுகளெல்லாம் ஒன்றுபோல இருக்கின்றனவா? இல்லை! சில குட்டையாகின்றன, சிலவற்றின் இலை கோணுகிறது. குப்பியிலே சுற்றுக்குமேல் சுற்று பெருக்கினால் மாறுதலும் பெருகுகிறது. லார்க்கின், ஸ்கவ்கிராஃப்ட் எனும் இருவர் 1981-இல் இந்த மாறுதலுக்குத் தனிப்பெயரே சூட்டினார்கள்.

மாறுதல் எங்கே நிகழ்கிறது? உயிரணுவின் நடுவே மையக்கரு இருக்கிறது. அதுதான் டில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள்! பெரிய ஏடுகள் எல்லாம் அங்கே. வெளியே மைட்டோகாண்டிரியா என்னும் சின்னஞ்சிறு மின்நிலையங்கள். உணவை எரித்து உயிரணுவுக்குச் சக்தி தருபவை அவை. அவற்றுக்கும் சொந்தமாக டி.என்.ஏ. உண்டு, தனிக் கணக்கேடு உண்டு. முன்னொரு காலத்தில் நிரம்ப இருந்ததாம். காலப்போக்கில் அதிகாரங்களில் பெரும்பகுதி மையக்கருவுக்குப் போய்விட்டது, மிச்சம் கொஞ்சம். (கேட்ட கதைபோல இருக்கிறதல்லவா?) அந்தக் கொஞ்சத்தைக் கெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா சாட்சி.

மக்காச்சோளத்தில் வீரிய விதை எடுக்க, ஆண் பூவை ஆள் வைத்துக் கிள்ளவேண்டும். கூலி கொடுக்க மனமில்லாத விதை முதலாளிகளுக்கு, ஆண்மகரந்தமே தராத ஒரு சோளம் வரப்பிரசாதமாக வாய்த்தது. கிள்ளும் கைகள் வேண்டாம், கூலி மிச்சம்! நாட்டின் மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு இந்த ஒரே வகையாயிற்று. 1970-இல் இலைக்கருகல் நோய் வந்தது. விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காடு போயிற்று. மகரந்தத்தைத் தடுத்ததும், பூசண நஞ்சுக்குக் கதவு திறந்துவிட்டதும் மைட்டோகாண்டிரியாவின் ஏட்டிலிருந்த ஒரே மரபணு என்று பின்னர் தெரிந்தது.

இனித்தான் வியப்பு. அந்தச் சோளத்தின் உயிரணுக்களை மின்னசோட்டா ஆராய்ச்சியாளர்கள் குப்பியில் வளர்த்து, அந்த நஞ்சையே ஊட்டிப் பார்த்தார்கள். பிழைத்தவற்றிலிருந்து முளைத்த செடிகள் நோயைத் தாங்கின, மகரந்தமும் தந்தன! 1977-இல் இது வெளிவந்தது. நஞ்சு ஊட்டாமலே வளர்த்த குப்பிகளிலிருந்தும் இத்தகைய செடிகள் கிடைத்தன. பின்னர் ஏட்டைப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் அந்த மரபணுவே காணோம்! செடிகளின் மைட்டோகாண்டிரியாவில் ஏட்டின் பிரதிகள் பலவிதம். மூலையில் சிறுபான்மையாய்க் கிடந்த பிரதி, குப்பியிலே பெரும்பான்மை ஆகிவிடுவதும் உண்டு. தேர்தல் நடப்பது கோட்டையில் மட்டுமல்ல, தோழர்களே!

வாழையிலோ இன்னொரு வேடிக்கை. பெரும்பாலான உயிர்களில் மைட்டோகாண்டிரியா தாய்வழி வருவது. வாழையில் தந்தைவழி வருகிறது. எல்லா உயிருக்கும் இதுதான் இயற்கை விதி என்று ஒரே சூத்திரம் எழுதிவைத்தவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்கள்?

மாறுதல் எப்போதும் கேடுமல்ல. வாடல் நோயால் வதைபட்ட தைவானில், திசு வளர்ப்பில் மாறிப்போன கன்றுகளுக்குள்ளேயே தேடி, நோய் தாங்கும் வாழையைப் பொறுக்கி எடுத்தார்கள். ஆராய்ச்சிக்கூடத்துக்கு அது வெற்றி.

ஆனால், தோட்டத்தில் எதிர்பாராமல் வருகிற மாறுதல் யார் தலையில் விழுகிறது? குப்பியில் வளர்த்தவன் பணம் வாங்கிவிட்டான். விற்றவன் கடையைச் சாத்திவிட்டான். குத்தகை நிலத்தில் வட்டிக் கடன் வாங்கி நட்டவன், மாதக்கணக்கில் தண்ணீர் கட்டி, உரம் வைத்து, மண் அணைத்து, கடைசியில் குட்டை மரத்தைப் பார்த்து நிற்கிறான். தார் வராவிட்டால் வாழைக்காய் மண்டியில் சுமை தூக்கும் தோழனுக்கும் அன்றைய கூலி குறைகிறது. வைரஸ் இல்லை, மரபு பிறழவில்லை என்று சோதித்துச் சான்று தரும் முறையை மத்திய அரசு 2006-இல் ஏற்படுத்தியது. சான்றில்லாத கன்று சந்தைக்கே வரக்கூடாது, மாறிய மரத்துக்கு விற்றவன் ஈடு தரவேண்டும் என்று நாம் கேட்கிறோம். நிலத்தில் இறங்காதவன் இலாபத்தை எடுத்துக்கொண்டு நட்டத்தை மட்டும் நிலத்தில் இறக்குவதா?

அதுவரை, கன்று வாங்கப் போகும் தோழர்கள் சான்று முத்திரையைக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கூடத்துக் கன்று, என்ன இரகம் என்று இரசீதில் எழுதி வாங்குங்கள். அந்த இரசீதைத் தார் வெட்டும் வரை பெட்டியில் வைத்திருங்கள்.